ஒரே ஸ்லைடு, இரண்டு ரிப்போர்ட்

பயாப்ஸி ரிப்போர்ட்டோடு நோயாளியின் வீட்டார் எங்கள் லேபுக்கு நேரில் வருவது அபூர்வம். எண்டோஸ்கோபி செய்த டாக்டரைப் பார்ப்பார்கள், சர்ஜனைப் பார்ப்பார்கள். ஸ்லைடைப் படித்தது யார் என்று பலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரின் மகன் இரண்டு ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. முதல் ரிப்போர்ட் வேறோர் ஊர் லேபில் கொடுத்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 'லோ கிரேடு டிஸ்பிளேசியா' என்றது. அதே ஸ்லைடை மறுபடி பார்த்து நான் கொடுத்தது இரண்டாவது ரிப்போர்ட்: டிஸ்பிளேசியா இல்லை, புண் ஆறும்போது வரும் மாற்றம்தான், எச் பைலோரி கிருமி இருக்கிறது.

"ரெண்டும் ஒரே ஸ்லைடுதானே மேடம்? இதுல எதை நம்புறது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற பயம்தான் இருந்தது. அன்று அவருக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் பலர் கேட்டுவிட்டதால், ஒரு பேத்தாலஜி டாக்டராக நான் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், டிஸ்பிளேசியா புற்றுநோய் அல்ல. செல்லின் மரபணுக்களில் மாற்றம் வந்து, வளர்ச்சிக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்ட நிலை அது. ஆனால் அந்தச் செல்கள் இன்னும் கீழே உள்ள அடுக்குக்குள் ஊடுருவவில்லை. மாற்றம் குறைவாக இருந்தால் லோ கிரேடு, அதிகமாக இருந்தால் ஹை கிரேடு. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபோது 'இண்டெஃபினிட்' என்று எழுதுவோம். 1983இல் ரிடெல் என்ற பேத்தாலஜிஸ்ட் தலைமையில் ஒரு குழு, அல்சரேடிவ் கொலைடிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் நீடிக்கும் அழற்சி) போன்ற குடல் அழற்சி நோயாளிகளுக்காக இந்தப் பகுப்பை வெளியிட்டது. அப்புறம் பாரெட்ஸ் நோய்க்கும், அதாவது அமிலம் மேலேறி உணவுக்குழாயின் உட்பரப்பு குடல் போல மாறிவிடும் நிலைக்கும், இதையே எடுத்துக்கொண்டார்கள். எழுதுவதற்கு எளிதான பகுப்புதான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால்தான் சிரமம் புரியும்.

எங்களுக்கு வருவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு. அதை மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, நிறமேற்றிப் பார்க்கிறோம். இரைப்பையிலும் குடலிலும் உள்ள சுரப்பிகளில் புதிய செல்கள் உருவாவதற்கென்று ஓர் இடம் உண்டு. குடலில் அது சுரப்பியின் அடியில் இருக்கிறது, இரைப்பையில் கழுத்துப் பகுதியில். அங்கே உட்கரு பெரிதாக, கருத்து, நெருக்கமாக இருப்பது இயல்பு. செல் மேலே நகர்ந்து மேற்பரப்புக்கு வர வர உட்கரு சிறுத்து ஒழுங்காகிவிடும். டிஸ்பிளேசியாவில் அப்படி ஆவதில்லை. பெரிய, கருத்த உட்கருக்கள் மேற்பரப்பு வரை அப்படியே வந்து நிற்கும். இயல்பான சுரப்பிக்குப் பக்கத்திலேயே கோடு கிழித்தாற்போல மாற்றம் தொடங்கும். புண் ஆறும் இடத்திலோ மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மேற்பரப்புக்கு வரும்போது செல்கள் நிதானத்துக்கு வந்துவிடும்.

ஆகவே நான் முதலில் தேடுவது மேற்பரப்பைத்தான். அது சில துணுக்குகளில் இருக்கவே இருக்காது. சீவும்போது சாய்வாக வெட்டுப்பட்டு, சுரப்பியின் அடிப்பகுதி மட்டுமே ஸ்லைடில் வந்திருக்கும். அடிப்பகுதியை மட்டும் பார்த்தால் இயல்பான திசுகூட சந்தேகத்தைக் கிளப்பும். அழற்சி அதிகமாக இருந்தால், சுரப்பிக்குள் வெள்ளணுக்கள் நுழைந்து செல்களைக் கலைத்திருக்கும். அப்போதும் உட்கரு பெரிதாகும். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் இரைப்பை, ரேடியேஷன் எடுத்தவர்களின் குடல் இவையெல்லாம் டிஸ்பிளேசியா போலவே தோற்றம் காட்டக்கூடியவை. பாரெட்ஸ் நோயில் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே டிஸ்பிளேசியா இல்லாத சுரப்பியின் அடிப்பகுதியே சற்று ஒழுங்கற்றுத்தான் இருக்கும்.

ஒரு பக்கம் இயல்பு, மறு பக்கம் புற்றுநோய் என்றால் நாங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறோம். நடுவில் உள்ளவை தொடர்ச்சியான மாற்றம். அதில் கோடு போடுவது மனிதர்கள். யார் எங்கே கோடு போடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு வருகிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக்குழாய், இரைப்பை, குடல் பயாப்ஸிகளில் தனி ஈடுபாடு உள்ள 12 பேத்தாலஜிஸ்டுகள் பாரெட்ஸ் ஸ்லைடுகள் 250ஐப் படித்தார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, உண்மையான ஒற்றுமையைச் சொல்லும் அளவு 'கப்பா'. முழுமையாக ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவுக்குத்தான் என்றால் 0. ஹை கிரேடும் புற்றுநோயும் சேர்ந்த பிரிவில் கப்பா 0.65 வந்தது. டிஸ்பிளேசியா இல்லை என்பதில் 0.58. லோ கிரேடில் 0.32. இண்டெஃபினிட்டில் வெறும் 0.15. இந்தத் துறையிலேயே ஊறியவர்களின் எண்கள் இவை. தான் முன்பு படித்த ஸ்லைடையே அடையாளம் தெரியாமல் மறுபடி கொடுத்தபோது, அதே ஆளின் இரண்டு பதில்களும்கூட முழுமையாக ஒத்துப்போகவில்லை. அங்கே கப்பா 0.64. இந்த எண்ணைத்தான் எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதலில் சொல்வேன். வேறுபாடு இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் மட்டுமில்லை, ஒரே டாக்டரின் இரண்டு நாட்களுக்கு நடுவிலும் இருக்கிறது.

நாடு மாறினால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். 1997இல் ஜப்பானியர்களும் மேற்கு நாட்டவர்களுமாக எட்டு பேத்தாலஜிஸ்டுகள் ஒரே 35 இரைப்பை ஸ்லைடுகளைப் படித்தார்கள். மேற்கத்தியர்களில் பெரும்பாலோர் ஹை கிரேடு டிஸ்பிளேசியா என்ற 12 ஸ்லைடுகளில் 11ஐ ஜப்பானியர்கள் உறுதியாகப் புற்றுநோய் என்றார்கள். யாரும் தவறாகப் பார்க்கவில்லை. ஊடுருவல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் புற்றுநோய் என்பது மேற்கத்திய வழக்கம்; உட்கருவும் சுரப்பியின் அமைப்பும் போதிய அளவு கெட்டிருந்தாலே புற்றுநோய் என்பது ஜப்பானிய வழக்கம். இதைச் சரிசெய்யத்தான் 1998இல் வியன்னாவில் 12 நாடுகளைச் சேர்ந்த 31 பேர் கூடி ஐந்து பிரிவுகள் கொண்ட ஒரு பகுப்பை உருவாக்கினார்கள். அதைக் கொண்டு பார்த்தபோது இரைப்பை ஸ்லைடுகளில் ஒற்றுமை 37 சதவீதத்திலிருந்து 71 சதவீதமானது. அவர்கள் செய்தது மிகவும் யோசித்துச் செய்த வேலை என்பேன். பெயரில் சண்டை போடாமல், சிகிச்சை எதில் மாறுமோ அங்கே கோட்டைப் போட்டார்கள். ஹை கிரேடு என்றாலும், ஊடுருவாத புற்றுநோய் என்றாலும் எண்டோஸ்கோபியிலேயே அகற்றுவதுதான் வழி என்னும்போது, இரண்டும் ஒரே பிரிவில் இருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியென்றால் பயாப்ஸியை நம்பவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்து ஆய்வு ஒன்றைச் சொல்வேன். என் வேலை முறையையே மாற்றியது அது. அங்கே பல்கலைக்கழகம் சாராத மருத்துவமனைகளில் பாரெட்ஸ் லோ கிரேடு டிஸ்பிளேசியா என்று ரிப்போர்ட் பெற்ற 147 பேரின் ஸ்லைடுகளை, அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்டுகள் மறுபடி படித்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. 85 சதவீதம் பேருக்கு டிஸ்பிளேசியா இல்லை அல்லது உறுதியில்லை என்று ரிப்போர்ட் மாறியது. மீதி 15 சதவீதம் பேருக்குத்தான் லோ கிரேடு உறுதியானது. அதோடு நிற்காமல் எல்லோரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உறுதியானவர்களில் ஆண்டுக்கு 13.4 சதவீதம் பேருக்கு நோய் ஹை கிரேடாகவோ புற்றுநோயாகவோ முற்றியது. இல்லை என்று மாற்றப்பட்டவர்களில் அது ஆண்டுக்கு 0.49 சதவீதம் மட்டுமே.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இரண்டாவது முறை படித்ததில் வந்தது வெறும் அபிப்பிராய பேதம் என்றால், இரு தரப்புக்கும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. கவனமாக மறுபடி படித்ததில் யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்பது பிரிந்து வந்தது. லோ கிரேடு என்பது உண்மையான நோய்தான். ஒருவர் ஒருமுறை பார்த்துச் சொல்வது மட்டும் அதற்குப் போதாது. 2014இல் வெளியான இன்னொரு ஐரோப்பிய ஆய்வில், இப்படி உறுதி செய்யப்பட்ட லோ கிரேடு நோயாளிகள் 136 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாரெட்ஸ் பகுதியை ரேடியோ அலையால் சுட்டு அழித்தவர்களில் 1.5 சதவீதம் பேருக்கும், வெறுமனே கண்காணித்தவர்களில் 26.5 சதவீதம் பேருக்கும் நோய் முற்றியது. உறுதி செய்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. உறுதி செய்யாமல் எல்லோருக்கும் அதே சிகிச்சையைக் கொடுத்தால், தேவையே இல்லாத பலரின் உணவுக்குழாயைச் சுடுவோம்.

நம்மூரில் பாரெட்ஸ் நோயை மேற்கு நாடுகள் அளவுக்குப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அதிகம் வருவது இரைப்பையும் பெருங்குடலும். ஆனால் பாடம் ஒன்றேதான்.

அந்தப் பெரியவரின் பிளாக்கிலிருந்து (துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டி) மேலும் சில மட்டங்கள் ஆழமாகச் சீவிப் பார்த்தோம். ஆழத்தில் மேற்பரப்பு தெளிவாகத் தெரிந்தது. செல்கள் மேலே வரும்போது ஒழுங்காகிக்கொண்டுதான் இருந்தன. வெள்ளணுக்கள் நிறைய இருந்தன. முதல் லேபுக்குப் போன கோரிக்கைப் படிவத்தில் 'கேஸ்ட்ரிக் பயாப்ஸி' என்று மட்டும் எழுதியிருந்தது. அது புண்ணின் விளிம்பு என்பதோ, அவர் முழங்கால் வலிக்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறார் என்பதோ அதில் இல்லை. அந்தத் தகவல் இல்லாமல், அந்த முதல் மட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் பலர் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அவருக்கு எச் பைலோரிக்கு மருந்து கொடுத்து, வலி மாத்திரையை நிறுத்தி, புண் ஆறிய பிறகு மறுபடி எண்டோஸ்கோபி செய்து, அதே இடத்திலிருந்து பயாப்ஸி எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது.

இதை வைத்து, ரிவ்யூ செய்தால் எப்போதும் நல்ல செய்திதான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அல்சரேடிவ் கொலைடிஸ் பல வருடங்களாக உள்ள ஒரு ஆசிரியையின் பயாப்ஸி எனக்கு வந்தது. அழற்சி தீவிரமாக இருந்தது, அதற்கு நடுவில் சில சுரப்பிகள் எனக்குப் பிடிக்கவில்லை. இண்டெஃபினிட் என்று எழுதி, அழற்சி அடங்கிய பிறகு மறுபடி எடுக்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு என் மேல் வருத்தம். "இவ்வளவு டெஸ்ட் எடுத்து, கடைசில தெரியலைன்னு எழுதறதுக்கா டாக்டர்?" என்று போனில் கேட்டார். அவருடைய கேஸ்ட்ரோ டாக்டர் பொறுமையாகப் பேசி, மருந்தை மாற்றி, சில மாதம் கழித்து குடல் சுவரில் சாயம் தெளித்துப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தார். இந்த முறை அழற்சி இல்லை. அந்தச் சுரப்பிகள் மட்டும் அப்படியே நின்றன, மேற்பரப்பு வரை. ஹை கிரேடு என்று எனக்குத் தோன்றியது. என் ரிப்போர்ட்டைக் காட்டாமல் வேறு இரண்டு பேருக்கு ஸ்லைடை அனுப்பினோம். இருவரும் தனித்தனியே அதையே சொன்னார்கள். பெருங்குடலை அகற்றினார்கள். அதில் இன்னோர் இடத்தில் ஆரம்பநிலைப் புற்றுநோய் இருந்தது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை. முதல் பயாப்ஸியிலேயே அவசரப்பட்டு 'இல்லை' என்று எழுதியிருந்தால் மறுபடி பார்க்கவே வருடங்கள் ஆகியிருக்கும். இண்டெஃபினிட் என்று வந்தால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் திசுவில் இன்றைக்குச் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான் என்று அர்த்தம். அழற்சியையோ அமிலத்தையோ அடக்கிவிட்டு, சொன்ன கெடுவுக்குள் மறுபடி போய்விட வேண்டும்.

குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடினோமா என்ற, டிஸ்பிளேசியா உள்ள சாதாரணப் பாலிப்பில் பெரிய தகராறு இல்லை. தட்டையாக, சுரப்பி ரம்பப் பல் போலத் தெரியும் செசைல் செரேட்டட் வகையில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2019இன் உலக சுகாதார நிறுவனப் பகுப்பில், அடிப்பகுதி விரிந்து பக்கவாட்டில் வளைந்த சுரப்பி ஒன்று தெளிவாக இருந்தாலே போதும் என்று தளர்த்தினார்கள். பழைய ரிப்போர்ட்டில் ஹைப்பர்பிளாஸ்டிக் (ஆபத்து குறைந்த வகை) என்று இருந்தது இன்று வேறு பெயர் பெறலாம். வலது பக்கக் குடலில் பெரிய ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் என்று ரிப்போர்ட் இருந்தால் ஒரு முறை ரிவ்யூ கேட்பது நல்லது.

பி53 என்ற சிறப்புச் சாயப் பரிசோதனை சில நேரம் உதவுகிறது. உட்கருக்கள் எல்லாம் அடர்த்தியாகச் சாயம் ஏற்றாலும் சந்தேகம், சுற்றிலும் சாயம் இருந்து அந்த இடத்தில் மட்டும் முற்றிலும் ஏற்காவிட்டாலும் சந்தேகம். ஆனால் அதைப் படிப்பதும் ஒரு மனிதர்தான். சாதாரண ஸ்லைடில் என்ன தெரிகிறது என்பதோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு. இந்த வகைச் சாயப் பரிசோதனைக்கு ஐஎச்சி என்று பெயர். "ஐஎச்சி செஞ்சா கரெக்டா தெரிஞ்சிடும்ல?" என்று கேட்பவர்களுக்கு நான் தயங்கித்தான் பதில் சொல்வேன்.

எங்கள் லேபில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. டிஸ்பிளேசியா என்று எழுத நினைக்கும் எந்த ஸ்லைடும் இன்னொருவர் பார்க்காமல் கையெழுத்தாகாது. முதலில் பார்த்தவர் தன் முடிவைச் சொல்லாமல் கொடுக்க வேண்டும். "இது லோ கிரேடு மாதிரி இருக்கே, பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தால், பார்ப்பவர் கண்ணுக்கும் லோ கிரேடு தெரிய ஆரம்பித்துவிடும். சிறிய ஊர்களில் ஒரே பேத்தாலஜிஸ்ட்தான் இருப்பார் என்பது உண்மை. அவர்கள் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். எனக்கும் வருகிறது. நான் பதில் சொல்கிறேன், ஆனால் அதை வைத்து ரிப்போர்ட் எழுதாதீர்கள் என்றும் சொல்கிறேன். அனுப்புகிறவர் தேர்ந்தெடுத்த ஓர் இடம்தான் படத்தில் இருக்கும். பக்கத்துச் சுரப்பி எப்படி இருக்கிறது என்பதில்தானே பதிலே இருக்கிறது? ஸ்கேனரில் ஏற்றிய முழு ஸ்லைடு என்றால் கதை வேறு. அந்த வசதி பரவினால் சிறிய ஊர் நோயாளிகளுக்குத்தான் அதிக நன்மை.

எண்டோஸ்கோபி செய்கிற டாக்டர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இவைதான். எந்த இடம், என்ன பார்த்தீர்கள், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று படிவத்தில் எழுதுங்கள். முந்தைய ரிப்போர்ட் இருந்தால் நகலை வையுங்கள். போதுமான துணுக்கு எடுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இரைப்பைக்குச் செல்லாது. சிட்னி முறையில் ஐந்து இடங்கள், பாரெட்ஸ் நோய்க்கு சியாட்டில் முறையில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை நான்கு பக்கமும் என்று வகுத்திருப்பது காரணத்தோடுதான். மேல்பகுதி, கீழ்ப்பகுதித் துணுக்குகளைத் தனித்தனி புட்டியில் போடுங்கள்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும். ரிப்போர்ட்டில் டிஸ்பிளேசியா என்று வந்தால், ஹை கிரேடோ லோ கிரேடோ, பெரிய சிகிச்சை எதையும் முடிவு செய்வதற்கு முன் குடல், இரைப்பை பயாப்ஸிகளை நிறையப் படிக்கிற ஒருவரிடம் ரிவ்யூ கேளுங்கள். முதல் டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல பேத்தாலஜிஸ்ட் தாமே அதைச் சொல்வார். ரிவ்யூவுக்குச் சில நாள், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரம் ஆகும். டிஸ்பிளேசியாவில் அந்தத் தாமதம் கெடுதல் செய்யாது. ஆனால் ரிவ்யூவில் 'இல்லை' என்று வந்துவிட்டதென்று அடுத்த எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவது, நான்காவது ரிப்போர்ட் என்று, பிடித்த பதில் வரும் வரை தேடவும் வேண்டாம். இரண்டு பேர் முரண்பட்டால், இருவரின் ரிப்போர்ட்டையும் கேஸ்ட்ரோ டாக்டரிடம் கொடுத்து, எண்டோஸ்கோபி படங்களோடு சேர்த்து எல்லோரும் பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

ரிவ்யூவுக்குப் போகும்போது ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்குங்கள். ஸ்லைடு மட்டும் இருந்தால் ஆழமாகச் சீவிப் பார்க்க முடியாது. எண்டோஸ்கோபி ரிப்போர்ட், கலர் படங்கள், மருந்துச் சீட்டு, பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டுகள் எல்லாம் கூட இருக்கட்டும். ஸ்லைடு மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். ஸ்லைடுகளை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டால் உடையும். பிளாக் மெழுகால் ஆனது. அந்த மெழுகு ஐம்பத்தாறு டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும், கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். கையோடு எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் இரண்டையும் திரும்ப வாங்கி, முதலில் கொடுத்த லேபிலேயே ஒப்படையுங்கள். அடுத்த பயாப்ஸி எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டியிருக்கும்.